நூறு கிலோவுக்குள் உச்சி

அவளை நாங்கள் உச்சி என்றுதான் கூப்பிடுவோம். பெரிய கட்டடங்கள் எழும்பும் இடத்தில் ஒற்றைக்காலில் நிற்குமே, அந்த உயரமான கிரேன், அதன் உச்சியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அதை ஓட்டுவது அவள் வேலை. எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் குடியிருக்கிறாள். கணவர் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார், ஆள் ஒல்லி. 'அப்பா சீப்பு, அம்மா பீரோ' என்று அவர்கள் மகளே கேலி செய்வாள்.

ஆரம்பத்தில் அவள் தரையில் நின்று கொடி அசைத்துக்கொண்டிருந்தவள். கம்பிக்கட்டு எங்கே இறங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று மேலே இருப்பவருக்குச் சைகை காட்டுவது. வருடக்கணக்கில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். ஒருநாள் இன்ஜினியரிடம் போய், நான் சொல்வதைத்தானே அவர் மேலே செய்கிறார், என்னையே மேலே அனுப்பிவிடுங்களேன் என்று கேட்டிருக்கிறாள். சிரித்தார்கள். மறுபடியும் கேட்டாள். தொல்லை தாங்காமல் பயிற்சிக்கு அனுப்பினார்கள், முதலாவதாக வந்தாள்.

அந்தக் கண்ணாடி அறையில் கழிப்பறை கிடையாது. அதனால் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஒரு பாரத்துக்கும் அடுத்த பாரத்துக்கும் நடுவே பொழுது போகாது, அதனால் பிஸ்கட் பாக்கெட் பிரியும். இருட்டிய பிறகு ஏணியில் இறங்கி வீட்டுக்கு வந்து, நாள் முழுக்க சேர்த்து வைத்த பசியை ஒரே மூச்சில் தீர்ப்பாள். உடம்பு ஏறாமல் என்ன செய்யும்?

இந்த நேரத்தில் அவள் வேலை செய்யும் இடத்துக்குப் புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தார். ஏணி ஏறுகிறவர்கள் இடுப்பிலும் தோளிலும் மாட்டும் பெல்ட்டின் உள்பக்கத்துச் சீட்டை யாரும் அதுவரை படித்ததில்லை. அவர் படித்தார். ஆள், உடுப்பு, பூட்ஸ், கருவிப் பை எல்லாம் சேர்த்து நூறு கிலோவுக்கு மேல் அந்த பெல்ட் தாங்காது என்று போட்டிருந்தது. உச்சியை நிறுத்துப் பார்த்தார். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அளவுக்கு அதிகமாக இருந்தது. மனிதர் கெட்டவர் அல்ல. வருடாந்தரத் தகுதிச் சோதனை வரைக்கும் தவணை கொடுத்தார். அதற்குள் நூறுக்குள் வராவிட்டால் மறுபடியும் தரையில் கொடிதான்.

மாடிப்படியில் என்னை நிறுத்தி இதைச் சொன்னாள். அழவில்லை. "கீழே வேலை செய்யத் தெரியாம இல்ல, சிஸ்டரம்மா. கீழே நின்னா எனக்கு எதுவுமே முழுசாத் தெரிய மாட்டேங்குது" என்றாள். சரி, நாளைக்குக் காலையில் வா, நடப்போம் என்றேன்.

நான் சிஸ்டர் அல்ல. வீடுகளில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்று, அதையே பிழைப்பாகச் செய்தவள். ஆட்களைத் தூக்கித் தூக்கி உரமேறிய கை, ஓய்வு பெற்றதும் துணிவாளியைத் தூக்கவே முனகியது. எலும்பு மெலிகிறது, பாரம் தூக்கிப் பழகுங்கள் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆக, எனக்கும் ஆள் வேண்டியிருந்தது. தெருமுனை பேக்கரிக்காரருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது, அவர் வந்து சேர்ந்தார். தெருவில் பார்சல் ஆபீஸ் நடத்துகிறவனை எல்லாரும் தம்பி என்போம், அவனுக்கு இடுப்பு பிடித்திருந்தது, அவனும் சேர்ந்தான். பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால், அவன் ஆபீஸில், புதன்கிழமை சாயங்காலங்களில் கூடினோம். அங்கே கூடியதற்குக் காரணம் அவனுடைய தராசு. வீட்டுத் தராசுகளில் இப்படிச் சாய்ந்தால் ஒரு எடை, அப்படிச் சாய்ந்தால் ஒரு எடை. பார்சல் தராசு அப்படி ஏமாற்றாது.

அதன் மேடை கவுண்டருக்கு வெளியே தரையில் இருக்கும். எண் தெரிவது கவுண்டருக்கு உள்ளே. மேடை சின்னது என்பதால் பெரிய பெட்டிகள் சரியாமல் இருக்க அதன்மேல் எப்போதும் ஒரு கனத்த பலகை கிடக்கும். நாங்கள் ஒவ்வொருவராகப் பலகைமேல் ஏறி நிற்போம். உள்ளேயிருந்து தம்பி, லாரியிலிருந்து சரக்கு இறக்குகிற தோரணையில், "இறக்கம் அரைக் கிலோ" என்பான், இல்லையென்றால் "ஏற்றம் கால்" என்பான். மொத்த எடையைப் பார்சல் ஸ்டிக்கரில் எழுதி நீட்டுவான். அதை அவரவர் தண்ணீர் பாட்டிலில் ஒட்டிக்கொள்ள வேண்டும், போன வாரத்து ஸ்டிக்கருக்குக் கீழே. யாருடையதை யாரும் பார்க்கலாம். ஏற்றம் வந்தவரை அன்றைக்கு யாரும் திட்டக் கூடாது, அவரோடு சேர்ந்து எல்லாரும் ஒரு சுற்று கூடுதலாக நடக்க வேண்டும். பேக்கரிக்காரர் புண்ணியத்தில் நாங்கள் நிறைய நடந்தோம். தன் பன்னைத் தானே தொட மாட்டேன் என்று சபதம் எடுத்த மனிதர், கேக்கைப் பற்றிச் சபதத்தில் எதுவும் இல்லை என்று வாதாடினார்.

எடை பார்த்த பிறகு பாரம். கான்வாஸ் பையில் மணலை நிரப்பி அதே தராசில் நிறுத்து, தரையிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து தோளுக்கு. முதுகை வளைக்காமல் காலால் எப்படித் தூக்குவது என்பது எனக்கு அத்துப்படி. கயிற்றில் வாளியைக் கட்டி மாடிக்கு இழுப்பது உச்சி கண்டுபிடித்த பயிற்சி. நான் பட்டினியை மட்டும் அனுமதிக்கவில்லை. முட்டையும் வேகவைத்த பயறும் தண்ணீரும் மேலே போயின. மத்தியானம் ஒருமுறை இறங்கி ஏற அனுமதி கேள் என்றேன். கேட்டாள், கிடைத்தது. ஸ்டிக்கர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. ஆனால் மெதுவாக, மிக மெதுவாக. சோதனையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஒரு புதன்கிழமை பேக்கரிக்காரருக்கு ஞானம் பிறந்தது. தம்பி உள்ளே ஏதோ அடுக்கிக்கொண்டிருந்தான். இவர் பலகையை உற்றுப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, இந்தப் பலகையின் எடையும் நம் தலையில்தானே விழுகிறது என்றார். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நியாயமாகத்தான் பட்டது. மாவு மூட்டையோடு காலம் தள்ளுகிறவர், கிரேன் ஓட்டுகிறவள், நான், மூன்று பேருமே தலையாட்டினோம். தம்பிக்குத் தன் தராசு உயிர், அதைக் குறை சொன்னால் வருத்தப்படுவான் என்று அவனிடம் சொல்லவில்லை. பலகையைச் சத்தமில்லாமல் நகர்த்திவிட்டு ஏறினோம்.

உள்ளேயிருந்து தம்பியின் குரல் உடைந்தது. "இறக்கம் நாலு." அடுத்தவருக்கும் நாலு. எனக்கு நாலேகால். அவனுக்குத் தலைகால் புரியவில்லை, எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே ஸ்டிக்கர் எழுதினான். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம். இத்தனை நாளும் இல்லாத எடையைச் சுமந்துகொண்டிருந்தோமே என்று உச்சி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். உடுப்பும் பையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் பெல்ட்டின் நூறுக்கு அவள் கையெட்டும் தூரத்தில் இருந்தாள். அந்த உற்சாகத்திலேயே மணல் பையை இருபது கிலோவாக்கி நிரப்பினோம். அன்றைக்கு அவளால் அதை இடுப்புக்கு மேல் அசைக்க முடியவில்லை. அஞ்சு கிலோ கூடினதுக்கு இவ்வளவு முனகலா என்று பேக்கரிக்காரர் வாரினார். தானே முயன்று பார்த்துவிட்டு, அடுப்படியில் நின்ற களைப்பு என்று ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். எடை பார்த்து முடித்ததும் பலகை பழைய இடத்துக்குப் போய்விடும்.

பாவம், தம்பிதான் நொந்துபோனான். அவன் தன் எடையைக் காலையில் வெறும் வயிற்றில் பலகைமேல் நின்று பார்ப்பவன். நாங்கள் சரசரவென்று இறங்கியபோது அவன் மட்டும் அப்படியே நின்றான். ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டான் என்று அவன் மனைவி என்னிடம் வந்து முறையிட்டாள்.

வாரங்கள் ஓடின. உச்சி அந்த மணல் பையை ஒருநாள் தோளுக்கே ஏற்றிவிட்டாள். முகம் சிவந்து, கால் நடுங்கி, ஆனால் ஏற்றினாள். ஆபீஸே அதிரக் கைதட்டினோம். அடுத்த புதன்கிழமைக்குப் பேக்கரிக்காரர் தன் கடையிலிருந்து தைத்த வாய் பிரியாத மாவு மூட்டை ஒன்றைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார். இருபத்தைந்து கிலோ. மூட்டை மேலேயே அச்சடித்திருந்தது. பழக்கதோஷத்தில் அதைத் தராசில் வைத்தார்.

"இருபத்தொண்ணு" என்றான் தம்பி.

பேக்கரிக்காரருக்கு முகம் மாறியது. மூட்டைக்கு நாலு கிலோ, இத்தனை வருஷமா, இந்த மில்காரன் என் வயிற்றில் அடித்திருக்கிறான் என்று கத்திக்கொண்டே போனை எடுத்து எண்ணை அழுத்தினார். என்ன கலவரம் என்று தம்பி கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான். மேடையைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான்.

"பலகை எங்கே?"

போனைக் காதில் வைத்தபடியே பேக்கரிக்காரர் சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகையைக் கையால் காட்டினார்.

"அண்ணே, காலையில தராசைப் போட்டதும் பலகையை மேல வச்சுத்தான் சைபர் ஆக்குவேன். பலகை எடையை அது அப்பவே கழிச்சிடும். நீங்க பலகையையும் எடுத்துட்டா, மறுபடியும் இல்ல கழியும்?"

போனில் மில்காரர் ஹலோ ஹலோ என்பது எல்லாருக்கும் கேட்டது. "ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன். வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார் பேக்கரிக்காரர்.

உச்சி ஒரு பார்சல் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். சோதனைக்கு அடுத்த வாரம்தான் நாள் குறித்திருந்தது. நூறைத் தொட்டுவிட்டேன் என்று கணவரிடமும் மகளிடமும் சொல்லிவிட்டிருந்தாள். உண்மையில் நாலு கிலோ அதிகம். பேக்கரிக்காரர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மாவு மூட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். தம்பிதான் மெல்ல, "அப்போ எனக்கு மட்டும் இறங்காம இல்லையே" என்று கேட்டான். அவன் முகத்தில் ஊறிய சந்தோஷத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உச்சிக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"சிஸ்டரம்மா, மணல் பையையும் பலகை இல்லாமதானே நிறுத்தோம்?"

ஆமாம். இருபது என்று நம்பி அவள் தோளுக்கு ஏற்றியது இருபத்துநாலு. தம்பி ஓடிப்போய்ப் பலகையைப் போட்டு மணல் பையை மறுபடியும் நிறுத்தான். இருபத்துநாலேதான். உச்சி எழுந்து, வேறு பேச்சில்லாமல், குனிந்து அந்த மாவு மூட்டையைக் கட்டிப் பிடித்துத் தோளில் வைத்தாள். ஒரு கிலோதானே கூட என்றாள்.

அந்த ஒரு வாரத்தில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பிராயச்சித்தமாக, என் அடுப்பறையில் ஒரு மணி நேரம் உட்காரு, தண்ணீர் குடிக்காதே, மூன்று கிலோ வியர்வையிலேயே போகும் என்றார் பேக்கரிக்காரர். நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். உடம்பில் நீர் வற்றிப்போய்த் தலைசுற்றி விழுந்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன். அவர்கள் விழுந்தது கட்டிலிலிருந்து. இவள் ஏறப்போவது வானத்துக்கு. வழக்கம்போல் சாப்பிடு, தூங்கு, வருவது வரட்டும் என்றேன்.

சோதனை நாளன்று காலையில் நாங்கள் மூவரும் வேலித் தகரத்துக்கு வெளியே, நடைபாதையில் நின்றோம். தகரத்தில் ஆணி கழன்ற இடைவெளி ஒன்றிருந்தது. அதற்குப் பேக்கரிக்காரரும் தம்பியும் முறை வைத்துக்கொண்டார்கள். உள்ளே பெல்ட், பூட்ஸ், தலைக்கவசம், முதுகில் கருவிப் பை என்று முழு உடுப்போடு அவளை நிறுத்தார்கள். நூற்றுமூன்று. அதிகாரி உதட்டைப் பிதுக்குவது தெரிந்தது என்றார் பேக்கரிக்காரர். பிறகு என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அவள் சொல்லித்தான் தெரியும். அவள் கேட்டது இவ்வளவுதான்:

"சார், பெல்ட் தாங்க வேண்டியது என்னை. பை எதுக்கு என் முதுகுல தொங்கணும்?"

பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். தொண்ணூற்றுமூன்று. பை மட்டும் பத்துக் கிலோ. அது இல்லாமல் மேலே வேலை நடக்காது என்றார் அதிகாரி. கயிறு கொடுங்கள், ஏணிக்கு நடுநடுவே நிற்க இருக்கும் ஒவ்வொரு தட்டாக ஏறி நானே இழுத்துக்கொள்கிறேன் என்றாள். ஏணி ஏறிய கையால் அடுத்த நிமிடமே பத்துக் கிலோவை இழுக்க முடியாது என்றுதான் எல்லாரும் பையை முதுகில் மாட்டுகிறார்கள். அதிகாரி சீட்டை இன்னொரு தடவை படித்தார். அதில் கயிறு கூடாது என்று இல்லை. மேலே போய்ச் சேர்ந்தால் கையெழுத்து போடுகிறேன் என்றார்.

இடைவெளி தேவைப்படவில்லை. தகரத்துக்கு மேலே அவளுடைய மஞ்சள் தலைக்கவசம் எழுந்தது. முதல் தட்டில் நின்றாள், கொக்கியை மாட்டினாள், கயிற்றைப் பிடித்தாள். பை ஆடி ஆடி வந்தது. காலை ஊன்று, முதுகை வளைக்காதே என்று நான் இங்கிருந்து முணுமுணுத்தேன். வளைக்கவில்லை. அடுத்த தட்டு. அதற்கடுத்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். யார் அது என்று ஒருவர் கேட்டார். எங்க ஆளு என்றான் தம்பி. பாதி உயரத்தில் பை ஏணிச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. பேக்கரிக்காரர் என் முழங்கையைப் பிடித்த பிடியில் மறுநாள் வரை வலித்தது. அவள் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி, சுண்டி, விடுவித்து, மறுபடியும் இழுத்தாள். கை மாற்றி, கை மாற்றி. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற நிதானம்.

கடைசித் தட்டில் மஞ்சள் புள்ளி மறைந்தது. பையும் மறைந்தது. கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு என் போன் அடித்தது.

"கை ரெண்டும் தனியா ஆடுது, சிஸ்டரம்மா. பசிக்குது" என்றாள். மூச்சு வாங்கியது, ஆனால் சிரித்தாள்.

சாப்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கு என்றேன். அதற்குள் கிரேனின் நீளக்கை எங்கள் தலைக்கு மேலே திரும்பத் தொடங்கியிருந்தது.