ஏரிப் பக்கம் சாயும் பந்து

தாமல் ஏரிக்கரையை ஒட்டிய பங்களாவின் புல்தரையில் குழி வெட்டி, ஞாயிறுதோறும் கோல்ஃப் ஆடுவார் எங்கள் பாசன இன்ஜினியர். குட்டையான மனிதர், தொப்பியைக் கழற்றவே மாட்டார். ஆபீஸ் குமாஸ்தாவான நான் பந்தை எடுத்துக் கொடுக்கக் குழியருகே நிற்க வேண்டும். அடிக்கும் முன் குந்தி, ஒரு கண்ணை மூடித் தரையின் சாய்வைப் பார்ப்பார். பந்து ஏரிப் பக்கம் வளையும் என்று கணக்குப் போட்டு, குழிக்கு வயல் பக்கமாகத் தள்ளிக் குறி வைப்பார். பந்து வளையாமல் நேரே வயலில் போய் விழும். என் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் சேற்றில் போயிற்று.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னேன். "சார், கரைக்கு அந்தாண்ட ஏரி மேல இருக்குது. இந்தாண்ட வயல்தான் பள்ளம். பந்து எப்டி சார் மேட்டுக்குப் போவும்?"

"எனக்குத் தெரியாதாபா? மதகைத் தொறக்கச் சொல்றதே நான்தானே."

"அப்புறம் ஏன் சார்?"

"பந்து தண்ணிப் பக்கம்தான் சாயும்னு எனக்கு ஆட்டம் சொல்லிக்குடுத்த துரை சொன்னாரு. அவரு தோத்து நான் பாத்ததில்ல."

மறுபடி குந்தினார். மறுபடி வயல். நாற்றுக்குள் இறங்கியபடி திரும்பிப் பார்த்தேன். வாய்க்கால் வெட்டும்போது தண்ணீரின் போக்கை நின்ற இடத்திலிருந்தே சரியாகச் சொல்கிற அந்த மனிதர், ஏரிதான் தன்னை ஏமாற்றிவிட்டது என்பதுபோல் கரையை முறைத்துக்கொண்டு நின்றார்.