கஞ்சியில் ஒட்டிய முகம்

ஈரத் தரையும் புளித்த அரிசிக் கஞ்சியும் சேர்ந்தால் ஒரு வாடை வரும். ஆரணியில் எங்கள் வீட்டுத் தறிக்கூடத்தின் வாடை அது. தறியில் நீளவாக்கில் ஓடும் பட்டு இழையான பாவு விறைப்பாக நிற்கக் கஞ்சி, வெயில் காலத்தில் இழை அறுந்துபோகாமலிருக்கத் தரையில் தெளிக்கும் தண்ணீர், இரண்டும் எங்களுக்குச் சோறு போட்டவை. இருந்தாலும் அந்த வாடை எங்காவது வந்தால் இன்றும் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். காரணம், அந்தக் கூடத்துச் சுவரில் தொங்கிய ஒரு படம்.

எங்கள் தெருவில் மற்ற வீடுகளில் சாமி படம் இருக்கும், எங்களைப் போன்ற கிறிஸ்தவர் வீடுகளில் வேத வசனம் இருக்கும். எங்கள் வீட்டிலோ கொள்ளைக்காரனும், மழையில் நனையும் குதிரையும், கத்தியோடு எழுந்து வரும் எலும்புக்கூடும் இருந்தன. அப்பாவின் தம்பி சென்னையில் ஒரு படக்கதைப் பத்திரிகைக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தார். அச்சு முடிந்ததும் மூலையில் எறியப்படும் அசல் பக்கங்களை, கெட்டித் தாளில் மசியால் அவரே வரைந்தவற்றை, பழைய வேட்டியில் சுற்றி எடுத்துவருவார் சித்தப்பா. அவற்றுக்கு அவர் வைத்த பெயர் "ஒரிஜினல்". அப்பா அவற்றைச் சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடைக்குக் கொண்டுபோய், தாளோடு ஒட்டக் கண்ணாடி போட்டு, தறியில் உட்கார்ந்தால் கண்ணில் படும்படி வரிசையாக மாட்டிவைப்பார். ஜெபம் பண்ண வந்த பாஸ்டர் ஒருமுறை கண்ணை மூடப்போகும் நேரத்தில் எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு வூட்ல?" என்று கேட்டார். "எங்க தம்பி கை பட்டதுங்க பாஸ்டர்" என்றார் அப்பா. பாஸ்டர் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார்.

நான் சொல்ல வந்த படம் அந்த வரிசையின் கடைசியில், என் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. பாழடைந்த பங்களாவின் படிக்கட்டில் கையில் விளக்கோடு ஒரு சிறுமி ஏறுகிறாள். கடைசிக் கட்டத்தில் யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்க்கிறாள். அந்தப் படத்துக்கு மாதிரியாக நின்றவள் என் அக்கா ஜெசி. அவளுக்குப் பத்து வயது, எனக்கு ஆறு. கோடை விடுமுறையில் வந்த சித்தப்பா அவள் கையில் அரிக்கேன் விளக்கைக் கொடுத்து, பரணுக்கு ஏறும் படியில் மத்தியானம் முழுக்க நிற்கவைத்தார். என்னை நிற்கச் சொல்லவில்லை என்று நான் அழுது புரண்டேன். அந்த ஆண்டு மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து அக்கா போய்விட்டாள்.

அவளுக்கென்று ஒரு போட்டோ கிடையாது. "பண்டிகைக்கு எடுத்துக்கலாம்" என்று தள்ளித் தள்ளிப் போட்டதுதான். அதனால் சித்தப்பா அந்தப் படத்தைக் கொண்டுவந்தபோது அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து பார்த்தாள். பின்னல் அக்காவுடையது, பாவாடை அவளுடையது, ஒரு காலைச் சாய்த்து நிற்பதும் அவள்தான். முகம் மட்டும் பெரிய கண்ணும் குட்டி வாயுமாக எவளோ ஒரு பொம்மை. "எல்லாம் அவதான். மூஞ்சிதான் அவளுது இல்ல" என்றாள் அம்மா. ஆனாலும் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அதன் முன்னால் போய் நிற்பாள். "அவ மூஞ்சி எனக்கு மறந்துகினே வருதுடி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். எட்டு வயதுப் பிள்ளையிடம் போய் அதைச் சொல்கிறாள் என்றால், வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றுதானே அர்த்தம்.

அந்தச் சித்திரையில் வெயில் கொளுத்தியது. அப்பா குடம் குடமாகத் தரையில் தண்ணீர் தெளித்தார். ஒருநாள் காலையில் அவர் முடித்த சேலையைக் கொடுக்கப் போயிருந்தார், அம்மா தெருக்கோடிக் குழாயடியில் இருந்தாள். தறிச் சத்தம் நின்றுபோன கூடத்துக்குள் நான் அக்காவின் கலர் பென்சில் டப்பாவோடு நுழைந்தேன். அவள் இருந்தவரை என்னைத் தொடவிடாத டப்பா அது. நிமிர்ந்து பார்த்தால், படத்திலிருந்து அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொம்மை இல்லை, அக்காவேதான்.

டப்பா கீழே விழுந்து பென்சில்கள் நெய்பவர் கால் வைக்கும் தறிக்குழிக்குள் உருண்டன. பென்சிலைத் தொட்டதற்குத்தான் வந்துவிட்டாள் என்று எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அப்புறம்தான் கண்ணாடிக்குள் அடியில் கட்டைவிரல் அகலத் துண்டுத் தாள் ஒன்று சரிந்து கிடப்பதைக் கண்டேன். அதில் பொம்மை முகம். பத்திரிகையில் அக்கா முகம் வேண்டாம் என்று மாற்றச் சொன்னார்களாம். சித்தப்பா வேறு முகம் வரைந்து மேலே ஒட்டிக் கொடுத்திருக்கிறார். அண்ணியிடம் சொல்ல வாய் வரவில்லை என்று, நான் கல்லூரிக்குப் போன பிறகு என்னிடம் மட்டும் சொன்னார். கூடத்து ஈரத்தில் அந்த ஒட்டு விட்டுப்போயிருந்தது.

ஓடிப்போய் அம்மாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். பாவி, நான் கூப்பிடவில்லை. சட்டத்தைக் கழற்றி, பின்பக்க ஆணிகளை நிமிர்த்தி, பானையிலிருந்த பாவுக் கஞ்சியை விரலில் தொட்டு அக்காவின் முகத்தில் பூசி, அதன்மேல் பொம்மையை வைத்து அழுத்தினேன். பார்க்காமலேதான் அழுத்தினேன். சாயங்காலம் அம்மா வழக்கம்போல வந்து நின்றாள், பார்த்தாள், போனாள்.

நான் பத்தாம் வகுப்பு படித்தபோது படத்தில் பூச்சி விழுந்தது. மற்ற எந்தப் பக்கத்தையும் அது தொடவில்லை. இந்த ஒன்றில் மட்டும், கஞ்சி இருந்த இடத்தை, மேல் முகமும் அடி முகமுமாகச் சேர்த்து ஓட்டை விழத் தின்றிருந்தது. அப்பா ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "பாவுக் கஞ்சியாச்சே இது" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு படத்தை மறுபடி மாட்டிவிட்டார்.

இப்போது அப்பாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டாகிவிட்டது. மற்ற பக்கங்களுக்கெல்லாம் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டு நானே புதுச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்; படக்கதைப் பித்துப் பிடித்த ஆட்கள் எங்கிருந்தெல்லாமோ தேடிவந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். முகமில்லாத அந்தப் பக்கத்தை மட்டும் அம்மா எதுவும் செய்யவிடுவதில்லை, அது அவள் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. போன மாதம் ஒரு மத்தியானம் அவள் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்ததைத் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா திட்டவில்லை. "நீ பாத்தியே, எப்பிடி இருந்தா?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷமும் எனக்குள் இருந்தது அந்த நடுக்கம்தான், அதற்குப் பின்னால் இருந்த முகத்தை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அன்றுதான் நினைத்தேன். கண் பாதி மூடி, உதடு பிதுங்கி, சலிப்போடு இருந்தது.

"தூக்கம் வந்த மாதிரி இருந்தாம்மா. எப்ப வுடுவாங்கன்னு பாக்கற மாதிரி."

அம்மா முகத்தில் என்னவோ மாறியது. "ஆமா. அன்னிக்கி கால் வலிக்குது, கால் வலிக்குதுன்னு சொல்லிகினே நின்னா" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு என் பக்கம் திரும்பி, "கால் வலியில நின்ன புள்ளைய பாத்து ஏன்டி பயந்தே?" என்று கேட்டாள்.