டவுன் கரண்டும் மனோன்மணியின் உருளைக்கிழங்கும்

சனிக்கிழமை காலை ரொட்டிக்காரர் ஹார்ன் அடித்த விதமே சரியில்லை. ஒருமுறை நீட்டி அழுத்திவிட்டு, மோட்டார் சைக்கிளைவிட்டு இறங்காமல் நின்றார். "டீச்சரம்மா, எஸ்டேட்டு கிராணி வூட்டு மனோன்மணி டீச்சர் தவறிட்டாங்க லா. விடிகாலையில நெஞ்சு வலியாம்" என்றார். கையில் வாங்கிய ரொட்டியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கோலா சிலாங்கூரில் நம் பள்ளியில் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தியவர்கள் நானும் மனோன்மணியும். அவரோடு வேலை பார்த்த உங்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். 'அவர்' என்று எழுதத்தான் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. எனக்கு அவள் மனோ. அவள்மேல் எனக்குக் கோபம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தீபாவளிக்கு அவள் வீட்டுக்குப் போனவர்கள் யாரும் அந்த உருளைக்கிழங்கை மறந்திருக்க மாட்டீர்கள். கேக் சுடுவதற்கென்று எல்லாரும் வாங்கி வைத்த அதே வட்ட அலுமினியக் கரண்டு ஓவன்தான். மற்ற வீடுகளில் தீபாவளி முடிந்ததும் அதன்மேல் துணிமூட்டை ஏறிவிடும். மனோ அதில் உருளைக்கிழங்கு சுட்டாள். மிளகாய்த்தூள், சோம்பு, கறிவேப்பிலை, நல்லெண்ணெய், அவ்வளவுதான். மேலே மொறுமொறுவென்று இருக்கும். உள்ளே விரல் பட்டால் உதிரும். ஆட்டுக்கறிக் குழம்பை ஒதுக்கிவிட்டு அதையே கேட்டு வாங்கித் தின்ற தலைமையாசிரியரை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் செய்முறையைக் கேட்டேன். உடனே சொன்னாள். "பச்சையா நறுக்கு, மசாலா பெரட்டு, ஓவன்ல வையி. இதுல என்னா லா இருக்கு?" அப்படியே செய்தேன். மேலே கருகியது, உள்ளே கல். சன்னமாக நறுக்கிப் பார்த்தேன். கிழங்கை மாற்றிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "பல்லு டாக்டர்கிட்ட கமிஷன் வாங்குறியா?" என்றார். மனோவிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவள் யோசிப்பதுபோல் மோவாயைத் தடவிக்கொண்டு, "கரண்டுதான் காரணம், புஷ்பா. எஸ்டேட்டு ஜெனரேட்டர் கரண்டு முரட்டுக் கரண்டு. ஒங்க டவுன் கரண்டு நோஞ்சான்" என்றாள்.

நம்பினேன். நான் படித்தவள், பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் எடுப்பவள், நம்பினேன். சோதித்தே பார்த்துவிடலாம் என்று என் ஓவனைச் சாரோங் துணியில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ் நிற்குமிடத்திலிருந்து எஸ்டேட்டுக்குச் செம்மண் ரோட்டில் நடந்து போய்ச் சேர்வதற்குள் சேலை முழங்கால்வரை சிவப்பு. நான் போனபோதே மனோ கிழங்கை நறுக்கி, மசாலா பிரட்டி, மூடி வைத்திருந்தாள். "நீ அலுத்துப்போயி வருவேன்னு நானே முடிச்சிட்டேன்" என்றாள். என்ன பாசம் என்று நினைத்தேன். சாயங்காலம் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் என் ஓவனில், என் கண் முன்னால், கிழங்கு பஞ்சாக வந்தது. "பாத்தியா? ஒன் ஓவன் தங்கம். கரண்டுதான் மோசம்" என்றாள். நான் வீட்டுக்கு வந்து, கரண்டு ஆபீசில் புகார் கொடுக்கச் சொல்லி வீட்டுக்காரரோடு சண்டை பிடித்தேன்.

நல்லவள் இல்லை என்று சொல்லவில்லை. என் அம்மா கிள்ளான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் வகுப்பையும் சேர்த்து நடத்தியவள் அவள். தொண்டை கட்டிப்போய், கரும்பலகையில் எழுதியே பாடம் எடுத்தாள். அதனால்தான் இது இப்படி வலிக்கிறது.

கருமாதிக்கு முந்தின நாள் படையலுக்கு உதவி செய்யப் போனேன். அவளுக்குப் பிடித்தது என்று அவள் வீட்டுக்காரர், எஸ்டேட்டு ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஐயா, தானே உருளைக்கிழங்கு செய்துகொண்டிருந்தார். அடுப்பில் சட்டி கொதித்தது. "என்னாங்கண்ணே, அவிக்கிறீங்க? ஓவன்ல வைக்கத்தானே?" என்று கேட்டேன்.

"அவிக்காம வெச்சா கல்லாட்டம் இருக்கும்மா. அர வேக்காடு அவிச்சி, தண்ணிய வடிச்சி, சட்டியோட குலுக்கிட்டுத்தான் வைக்கணும். எஸ்டேட்டு லயத்து வூடுங்கள்ல எல்லாருக்கும் தெரியுமே. மனோ ஒங்ககிட்ட சொல்லலியா?"

"பச்சையா வைக்கத்தான் சொன்னா" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. 'புஷ்பாவுக்கு மட்டும் சொல்லிடாதீங்க. அவ வூடு பஸ் ஸ்டாண்டு பக்கம். அங்கியே இது கெடைச்சா, தீவாளிக்கு நம்ம செம்மண் ரோட்டுல யாரு வருவாங்க?'ன்னுவா."

அடிப்பாவி! இத்தனை வருடம் என் பல்லையும் மானத்தையும் வாங்கிவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாயே. நான் பஸ்ஸில் மடியில் ஓவனோடு வந்த அன்றுகூட முன்கூட்டியே அவித்து மூடி வைத்தாயே, உனக்கு மனம் கேட்டதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் நானே பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேனே. என்னைத் தோழி என்றாய்; உன் விருந்தாளிகளைப் பிடுங்கிக்கொள்பவள் என்று நினைத்தாய். இதை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனதால் மட்டும் மன்னித்துவிட வேண்டுமா என்ன?

நேற்று அவித்துச் செய்து பார்த்தேன். பஞ்சாக வந்தது, நோஞ்சான் கரண்டிலேயே. வீட்டுக்காரர் தட்டை வழித்துவிட்டு இன்னும் கேட்டார். என் பங்கையும் அவர் தட்டிலேயே தள்ளிவிட்டேன்.

போன தீபாவளிக்கு மழை என்று சொல்லி, உங்களில் பாதிப் பேர் என் வீட்டோடு திரும்பிவிட்டீர்கள், நானும் போகவில்லை. அவள் அன்று எத்தனை கிழங்கு அவித்து வைத்திருந்தாளோ.

மனோவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான்: எனக்கென்று அவள் தனியாகச் சொன்ன செய்முறை. வரும் தீபாவளிக்கு என் வீட்டுக்கு வாருங்கள். பச்சையாக நறுக்கி, மசாலா பிரட்டி, ஓவனில் வைத்த கிழங்கு இருக்கும். பல்லில் கடிபட்டால் என்னிடம் குறை சொல்லாதீர்கள். பஞ்சு மாதிரி வேண்டுமென்றால், அவள் இருந்தபோதே அந்தச் செம்மண் ரோட்டில் நடந்திருக்க வேண்டும்.