இடுப்பளவு நோட்டுகள்

அந்தத் தெருவில் யாருக்கு எத்தனை அங்குல இடுப்பு என்பது டாக்டருக்குத் தெரியாது, கட்டிய மனைவிக்கும் தெரியாது. தையற்கடை டேப் அக்காவுக்குத் தெரியும். எந்நேரமும் கழுத்தில் அளவு டேப் தொங்கியதால் வந்த பெயர் அது. பஸ் டிப்போவுக்கு எதிரே, இரண்டு மிஷினும் ஒரு நிலைக்கண்ணாடியும் இஸ்திரி மேசையும் அடைத்துக்கொண்ட ஒற்றை அறைதான் கடை. டிரைவர், கண்டக்டர், நர்ஸ், காவலாளி என்று சீருடை போடுகிறவர்கள்தான் வாடிக்கை. ஆண்டுதோறும் அளவெடுத்துத் தேதியோடு எழுதி வைப்பாள். பதினொரு வருடத்தில் ஒன்பது நோட்டு நிரம்பியிருந்தது. அதிலிருந்து ஒரு சொல் வெளியே போனதில்லை. "ஊருக்கெல்லாம் சொல்றவகிட்ட எவன் வந்து அளவு குடுப்பான்?" என்பாள்.

ஒரு நாள் மத்தியானம் சுகாதார நிலைய நர்ஸ் சீருடையைச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, துவைச்சதுல சுருங்கிடுச்சு. கொஞ்சம் பிரிச்சு விடுங்களேன்."

"போன தடவையும் இதைத்தான் சொன்னே. இதுக்கு மேல பிரிக்க உள்ளே துணி இல்லம்மா. துணி சுருங்கலைன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

நர்ஸ் சிரித்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள். பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்தாள்.

"சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, இதய நோய், இதெல்லாம் வந்தப்புறம் மருந்து குடுக்கிறதைவிட, வராம தடுக்கிற வேலையைத் தெருவுலயே செய்யச் சொல்லி அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்குக்கா. நடைக்குழு, பரிசோதனை முகாம், உடற்பயிற்சி சொல்லித்தர ஆளு, எல்லாத்துக்கும் ஒரு வருஷத்துக்கு வரும். ஆனா இங்க அவசியம்தான்னு ஆதாரம் காட்டணுமாம். கைப்புண்ணுக்குக் கண்ணாடி கேக்கிறாங்க! எங்ககிட்ட வியாதி வந்தவங்க விவரம்தான் இருக்கு. வராதவங்க வருஷா வருஷம் எப்படி மாறிட்டு வர்றாங்கன்னு யாரு எழுதி வச்சிருக்கா?"

டேப் அக்காவின் பார்வை அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. நர்ஸை எழுப்பிவிட்டு, அந்த ஸ்டூல் மேல் ஏறி ஒன்பது நோட்டையும் இறக்கினாள்.

"பேரு சொல்லமாட்டேன். வயசும் அளவும்தான். சரியா?"

மூன்று மத்தியானம் உட்கார்ந்தார்கள். அவள் படிக்க, நர்ஸ் எழுதினாள்.

"நாப்பத்தாறு வயசு. அப்போ முப்பத்தி நாலு, இப்போ நாப்பத்தொண்ணு."

"ஐயையோ, இது நம்ம டைம்கீப்பர்தானே?"

"எழுதுறதை எழுது."

மூன்றாம் நாள் ஒரு வரியில் அவள் விரல் நின்றது. முப்பத்திரண்டில் தொடங்கி நாற்பதில் வந்து நின்ற வரி. அவள் புருஷனுடையது. அவனும் டிரைவர்தான். வருடத்துக்கு முக்கால் அங்குலம் என்று தன் கையாலேயே பிரித்துப் பிரித்துத் தைத்தவள், ஒரு நாளும் அதைக் கூட்டிப் பார்த்ததில்லை. மற்றவர்களுடையதைப் படித்த அதே குரலில் அதையும் படித்தாள்.

அன்று சாயங்காலம் அவனிடம் அந்தக் கணக்கைச் சொல்லி, நடக்கச் சொன்னபோது அவன் அசையவில்லை.

"நடக்கணுமா? நான் தினமும் இருநூறு கிலோமீட்டர் போயிட்டு வர்றேன்டி."

"பஸ்ஸு போகுது. நீங்க உக்காந்திருக்கீங்க."

விண்ணப்பம் போய் ஒரு மாதம் கழித்து, விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். பேர்களைக் காகிதம் ஒட்டி மறைத்திருந்த நோட்டுகளைப் புரட்டினார். முகத்தில் நம்பிக்கை இல்லை.

"தையற்கடை நோட்டை எப்படிம்மா ஆதாரமா எடுத்துக்கிறது? அளவெல்லாம் சரியா இருக்கும்னு என்ன நிச்சயம்?"

டேப் அக்கா அவரை ஏற இறங்க ஒரு தடவை பார்த்தாள். "முப்பத்தொம்பது சார். மூச்சை இழுத்துப் பிடிக்காம இருந்தீங்கன்னா முப்பத்தொம்பதரை."

நர்ஸ் டேப்பை வாங்கி அளந்தாள். முப்பத்தொன்பதரை. அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "கண்ணா, தராசா அது?" என்று கேட்டுக்கொண்டே நோட்டுகளின் நகல் எடுத்துத் தரச் சொன்னார்.

கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஆனால் கிடைத்தது. முதல் நடைக்கு ஊரையே கூப்பிட்டார்கள். வந்தது நான்கு பேர், அதில் ஒருவர் பாதியில் டீக்கடையோடு நின்றுவிட்டார். நர்ஸுக்கு முகம் வாடிவிட்டது. டேப் அக்காதான் டிப்போ வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பிடித்து விசாரித்தாள். சோம்பல் பாதி, ஷிப்ட் மீதி. ஆறு மணி நடைக்கு ஆறு மணி பஸ் ஓட்டுகிறவன் எப்படி வருவான்? அதனால் நடையை ஷிப்டுக்கு ஏற்ப இரண்டாகப் பிரித்தார்கள். பரிசோதனை முகாமையும் டிப்போ கேண்டீனுக்கே கொண்டுபோனார்கள். அதோடு கடை வாசலில் ஓர் அட்டை தொங்கியது: 'மூன்று மாதம் நடந்தவர்களுக்குச் சீருடை இலவசமாக அளவு குறைத்துப் பிடித்துத் தரப்படும்.' அடுத்த வாரமே நாற்பது பேர்.

கேண்டீன் வரிசையில் அவள் புருஷனும் நின்றான். கூட இருந்தவர்கள் தள்ளிக்கொண்டு வந்ததால்தான். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு நர்ஸ் சொன்னாள்: "மாமா, சர்க்கரை இன்னும் உள்ளே வரல. வாசல்ல வந்து நிக்குது. கதவைத் திறக்கிறதும் மூடுறதும் உங்க கையில."

அவன் மறுநாள் விடியும்போது பழைய கேன்வாஸ் ஷூவைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தான். முதல் வாரம் தெருமுனைவரை போய்விட்டு உலகத்தைச் சுற்றி வந்தவன்போல உட்காருவான். பிறகு அவனே மற்றவர்களை எழுப்பப் போகலானான். "அடி மேல அடி வச்சா அம்மியே நகருமாம், என் தொப்பை நகராதா?" என்று வழியெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டே நடப்பான்.

வருட முடிவில் நூற்றுப் பத்துப் பேரை மறுபடி அளந்தாள். எழுபது பேருக்குக் குறைந்திருந்தது. மற்றவர்களில் பலருக்கு மாற்றமில்லை. பதினொரு பேருக்கு ஏறியேவிட்டது. "ஏறினதை விட்டுடலாமாக்கா?" என்று நர்ஸ் தயங்கியபோது, "பொய் அளவு எடுத்தா சட்டை யாருக்கும் பொருந்தாது" என்று அதையும் எழுத வைத்தாள். அந்த அறிக்கையைப் படித்துத்தான் இரண்டாம் வருடத்துக்கு முழுப் பணமும் வந்தது.

அந்தச் சமயம் மற்றப் பகுதிக்காரர்களுக்கு இதைச் சொல்ல, ஒரு கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எப்படியோ நான்கு வாக்கியம் பேசி முடித்தாள். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து கேட்டாள்: "ஊருக்கெல்லாம் குறைச்சீங்க, உங்களுக்கு எவ்வளவு குறைஞ்சுது?"

டேப் அக்காவை யாரும் அளந்ததே இல்லை. மேடையிலேயே டேப்பைக் கழற்றித் தன்னைத் தானே சுற்றிப் பார்த்தாள். போன வருடத்துப் பாவாடை அளவு நினைவுக்கு வந்தது.

"ஒரு அங்குலம் கூடியிருக்குங்க," என்றாள் மைக்கில். "எல்லாரையும் நடக்கவிட்டு, வந்தவங்க பேரை எழுதிக்கிட்டு நான் உக்காந்துட்டேன்."

அரங்கமே கொல்லென்று சிரித்தது. எல்லாரிலும் உரக்கச் சிரித்தவன், இரண்டாம் வரிசையில் கேன்வாஸ் ஷூவோடு உட்கார்ந்திருந்த அவள் புருஷன்தான்.

மறுநாள் காலை அவன் வாசலில் நின்று கையைத் தட்டினான். "என்னடி, இன்னுமா கிளம்பலே?"

"இருங்க, செருப்பு வாரு அறுந்திருக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அதெல்லாம் சாக்குப்போக்கு. என் ஷூவைப் போட்டுக்க. நான் வெறுங்காலோட வர்றேன்."

இரண்டு அளவு பெரிய ஷூவை இழுத்துக்கொண்டு, அவனைத் திட்டியபடியே அவள் தெருவில் இறங்கினாள்.