பெயர் சொல்லாத குரல்

அங்கம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எங்கள் லயத்தில் யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். மலாயாவில் பாலோ என்ற ஊருக்குக் கிழக்கே எங்கள் ரப்பர் தோட்டம். விடியுமுன் எழுந்து, முன்னூற்றைம்பது மரம் சீவி, பால் எடுத்து, நிறுவைக்கு நின்று, வீடு திரும்பிச் சோறாக்குகிறவளுக்கு என்ன பைத்தியம்? ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏரிக்கரையோடு நடந்து அருவிக்குப் போவாள். அங்கே நின்று, செத்துப்போன புருஷனின் பெயரைத் தொண்டை கிழியக் கத்துவாள். பிறகு திரும்பி வந்துவிடுவாள். ஏழு வருடமாக இப்படித்தான். காரணம் தெரிந்தவள் நான் ஒருத்தி, பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி.

அவள் புருஷன் பெயர் அர்ச்சுனன். அந்தப் பெயரை வைத்து நாங்கள் அவளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்வது வழக்கம்தானே? அவளோ, புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பி வளர்ந்தவள். தலைமேல் இடி விழுந்தாலும் "சாமி, சாமி" என்றுதான் முனகுவாள். "சொல்லுடி, உன் வீட்டுக்காரரக் கூப்பிட்டாத்தான் இடி நிக்கும்" என்று முதல் ஆளாகச் சீண்டுவது நான்தான். இப்போது நினைத்தால் என் வாயில் சூடு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அர்ச்சுனன் நல்ல தைரியசாலி. புலி நடமாடிய மலைக்காட்டுக்கும் தனியாகப் பால்வாளியோடு போவார். பேய் பிசாசு என்றால் மட்டும் தொடை நடுங்கும்.

1931இல் ஆடிப் பதினெட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரயில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ஓடையை மறித்துக் கட்டிய ஏரி ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டு. அதன் கரையோடு இரண்டரை மணி நேரம் நடந்தால் அருவி. புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் கட்டிக்கொண்டு பதினாறு பேர் கிளம்பினோம். ஏரிக்குள் முங்கிச் செத்த மரங்கள் மொட்டை மொட்டையாக நின்றன. பட்டப்பகலிலும் ஒரு பறவைச் சத்தம் இல்லை. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துக்கொண்டே அர்ச்சுனன் சொன்னார்: "இந்த மாதிரி எடத்துலதான் மோகினி இருக்கும்லா. நம்ம பொஞ்சாதி கொரல்லயே கூப்பிடும். எந்தக் கொரலும் வரும் அதுக்கு, பேரு மட்டும் தெரியாது. பேரச் சொல்லாம கூப்பிட்டா வாயத் தொறக்கவே கூடாது."

"போங்க, பகல்லயே பயமுறுத்திக்கிட்டு" என்று அங்கம்மா சிரித்தாள்.

அருவியடியில் குளித்து, பெண்கள் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டோம். சாப்பிட இலை வெட்டி வருகிறேன் என்று அர்ச்சுனன் காட்டுவாழை தேடி மேலே ஏறினார். அவர் போன கொஞ்ச நேரத்தில் வானம் கறுத்து மழை கொட்டத் தொடங்கியது. ஓடை செந்நிறமாகப் பொங்கியது. அவர் வரவில்லை.

ஆண்கள் நாலு பேர், காட்டுவாழை அக்கரையில்தான் இருக்கும் என்று ஓடையைக் கடந்து ஏறி அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அருவி இரைச்சலில் இக்கரைக்கு ஒன்றுமே கேட்கவில்லை. நான் கைக்குழந்தையோடு பாறைக்கடியில் ஒதுங்கியிருந்தேன். அங்கம்மா யாருக்கும் காத்திருக்காமல் இக்கரைக் காட்டுக்குள் தனியாகப் போனாள். "ஏங்க! எங்க இருக்கீங்க? ஏங்க!" என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். நடுவில் ஒரு பெரிய இடி இடித்தது. அதைச் சாக்கு வைத்தாவது சொல்லியிருக்கலாம், யார் குறை சொல்லப்போகிறார்கள்? பெயர் நாக்கு நுனிவரை வந்ததாம். "சாமி" என்றுதான் சொன்னாளாம். பொழுது சாயுமுன், எங்களோடு வந்திருந்த கங்காணி அவளை இழுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

மறுநாள் காலை, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து போடும் டிரசரையும் கூட்டிக்கொண்டு போனோம். அவளைத் தனியாக விட மனமில்லாமல், குழந்தையை லயத்தில் விட்டுவிட்டு நானும் போனேன். இக்கரையில், இரண்டு பாறைகளுக்கு நடுவே அர்ச்சுனன் கிடந்தார். மேலிருந்து வழுக்கி விழுந்ததில் தொடை பிளந்து ரத்தமெல்லாம் போயிருந்தது. உயிர் இருந்தது. அவருக்குப் பத்தடி தள்ளி, சேற்றில் ஒரு பெண்ணின் காலடிகள் ஆழப் பதிந்திருந்தன. அந்தப் பக்கம் போனவள் அங்கம்மா ஒருத்திதான். அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

"நேத்தே கெடச்சிருந்தா பொழைக்க வச்சிருக்கலாம்" என்று டிரசர் கங்காணியிடம் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது.

கோணிச்சாக்கைக் கம்பில் கோத்துத் தூக்கி வந்தார்கள். ஏரிக்கரைக்கு வந்ததும் கம்பு பிடித்தவர்கள் தோள் ஆற இறக்கி வைத்துவிட்டுத் தள்ளிப் போனார்கள். வெயில் படாமல் நான் அவர் முகத்துக்கு நேரே இலை பிடித்திருந்தேன். அவர் கண் திறந்தார். அங்கம்மாவின் கையைப் பிடித்தார். அந்த முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நேத்து வந்துச்சு, அங்கம்மா" என்றார் மெதுவாக. "ரொம்பக் கிட்டக்க வந்து ஏங்க, ஏங்கன்னு அழுதுச்சு. அச்சு அசல் ஒன் கொரலு. பேரு தெரியல அதுக்கு. நான் ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன்."

அங்கம்மா முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"நல்லா செஞ்சீங்க" என்றாள். "அது போயிருச்சு. அதான் நான் வந்துட்டேன்ல."

அவர் சிரித்தார். ஏரிக்கரையில் பாதி தூரம் தாண்டுமுன் மூச்சு நின்றுவிட்டது. வந்து கூப்பிட்டது தான்தான் என்று கடைசிவரை அவள் அவரிடம் சொல்லவில்லை.