யூசுப்பின் முட்டை அட்டையில் பதினொரு பேர்

"அதை எடுக்காதீங்கம்மா. அது லெஃப்ட் பேக்கு."

முட்டை வாங்க வந்த பெண்மணி நீட்டிய கையோடு நின்றுவிடுகிறார். யூசுப் பக்கத்து அட்டையிலிருந்து ஆறு முட்டைகளை எடுத்துப் பையில் போட்டு அவர் கையில் திணிக்கிறார். கண் மட்டும் முதல் அட்டையை விட்டு நகரவில்லை. முப்பது குழி உள்ள அந்த அட்டையில் பதினொரு முட்டைகள்தான் இருக்கின்றன. அடியில் உட்கார்ந்திருக்கும் வாத்து முட்டை கோல்கீப்பர். அதற்கு மேலே வரிசை வரிசையாக மற்றவர்கள். உச்சியில் நடுவில் இருக்கும் முட்டையை எடுத்து ஒரு குழி கீழே வைக்கிறார். பார்க்கிறார். இன்னும் ஒரு குழி கீழே இறக்குகிறார்.

"இங்க வரணும்டா நீ. இங்க! எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்துறது?" என்று முட்டையைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார். பெண்மணி மீதிச் சில்லறையைக் கேட்காமலே படியிறங்கிவிடுகிறார்.

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் ஏற்றுகிற லாரிகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு நிற்கிறது யூசுப்பின் மொத்த முட்டைக் கடை. நாமக்கல் லாரி விடியும் முன்பே வந்து சரக்கை இறக்கிவிட்டுப் போய்விடும். தாத்தா காலத்தில் இங்கே வந்து சேர்ந்த ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் ஒன்றாகக் கொட்டும். கோபம் எப்போது வரும் என்று கேட்டால், அது போனால்தானே வருவதற்கு. அவர் கையில் ஒரு முட்டை உடைந்து யாரும் பார்த்ததில்லை. அதே கையால் மேசையைத் தட்டினால் எதிர்க்கடைத் தராசு ஆடும்.

தொழுகை நேரத்தில் மட்டும் கோபத்தைச் செருப்போடு பள்ளிவாசல் படியில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறார். படைத்தவன் முன்னால் தலை குனிந்து நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தால், இவரா அவர் என்றிருக்கும். தொழுது முடித்து வந்து செருப்பில் கால் நுழைக்கும்போதே, விட்ட இடத்திலிருந்து, விட்ட அதே சொல்லிலிருந்து திட்டைத் தொடங்கிவிடுவார்.

இந்த வருஷம் அந்தத் திட்டெல்லாம் ஒரே ஆளுக்கு. அவர் மனைவி பத்ருன்னிசாவின் தம்பி ரயீஸ். அட்டையில் உச்சியில் இருந்த முட்டை.

புதுத்தெரு பிரதர்ஸ் என்பது அந்த வட்டாரப் பையன்களின் பந்தாட்டக் குழு. நேற்றுவரை அவர்கள் ஆடியதெல்லாம் செவன்ஸ். பக்கத்துக்கு ஏழே பேர், சின்ன மைதானம், ஆஃப்சைடு என்ற பேச்சே கிடையாது. எதிராளியின் கோல் வாசலில் பாய் விரித்துப் படுத்துக்கிடந்தாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்த ஆட்டத்தில் ரயீஸ் ராஜா. ஓடவே மாட்டான். கோல் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பான். பந்து எங்கிருந்தோ அவன் காலுக்கு வரும். ஒரு தட்டு, வலை ஆடும். தொழிலும் அப்படித்தான். அவன் ஆட்டோ எப்போதும் ஸ்டாண்டின் கடைசியில் நிற்கும், சவாரிகள் அவனைத் தேடி நடந்து வருவார்கள்.

பிறகு குழு ஜில்லா லீக்கில் சேர்ந்தது. அங்கே பதினொரு பேர் ஆட்டம். பந்து புறப்படும் நேரத்தில் எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி நின்றால் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிவிடுவான்; அதன்பின் கோல் அடித்தாலும் செல்லாது. ரயீஸ் அடித்த கோலெல்லாம் கொடியோடு போயிற்று. பழைய கோச் துபாய்க்குப் போய்விட, வேறு ஆள் அகப்படாமல், இருக்கிற குரலை நம்பிக் குழுவை யூசுப்பின் கையில் கொடுத்தார்கள்.

யூசுப் போனில் ஐரோப்பாக்காரர்களின் ஆட்டங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். முட்டையை வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கும் விளக்கின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்ப்பார். அதிலிருந்துதான் அந்தச் சிஸ்டம் வந்தது. பந்து கைவிட்டுப் போனால் பின்னால் ஓடி வராதே; போன இடத்திலேயே விரட்டிப் பிடுங்கு. விரட்டுகிற முதல் ஆள், முன்னால் நிற்கிறவன். அவன் விரட்ட, மற்றவர்கள் ஒரே கயிற்றில் கட்டினமாதிரி மேலேறி வரவேண்டும். பார்க்க அழகான ஆட்டம்தான். ஆனால் அதில் எல்லோரையும்விட அதிகம் ஓடவேண்டியவன் யார்? ரயீஸ்.

"இக்கா, நம்ம பயலுகளுக்கு இந்தச் சிஸ்டம் செட் ஆகுமா?" என்று ஒருநாள் சாயாக்கடையில், அட்டையும் கையுமாக வந்திருந்த யூசுப்பிடம், பஜாரில் சுமை தூக்கும் செல்லப்பா மெல்லக் கேட்டான். இக்கா என்றால் அங்கே அண்ணன் என்று அர்த்தம்.

"ஏன் ஆகாது? அட்டையில எல்லா முட்டையும் குழிக்குள்ள உக்காருதுல்ல? அப்ப இவனுகளும் உக்காரணும்!"

"வாத்து முட்டை உக்காரலையே இக்கா. அந்தா, ஆடுது பாருங்க."

கடையே சிரித்தது. யூசுப் பாதிச் சாயாவை வைத்துவிட்டு எழுந்து போனார். செல்லப்பாவோடு அந்த வாரம் முழுக்கப் பேச்சில்லை.

பயிற்சியில் ரயீஸ் தன் வழக்கம்போல் நிற்பான். இவர் கோட்டுக்கு வெளியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே கத்துவார். உண்மையில் அந்த அணியில் அதிகம் ஓடியது அவர்தான்.

"கீழ இறங்கி வாடா! விரட்டுடா!"

"எதுக்கு மச்சான்? பந்து இங்கதானே வரப்போகுது."

"வந்தா கொடி தூக்குறானே!"

"தூக்குனா அவன் கைதானே வலிக்கும். எனக்கென்ன?"

இப்படிப் பேசுகிறவனை என்ன செய்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டத்தில், எதிரணிக்காரன் பந்தோடு ரயீஸின் மூக்குக்கு நேராகப் போனான். ரயீஸ் கண்ணால் வழியனுப்பி வைத்தான். அந்தப் பந்து நேரே போய்க் கோலானது. யூசுப்புக்குக் கண் இருட்டிவிட்டது.

"மீசான் கல்லு மாதிரி நிக்கிறியேடா! உன்னைய அப்படியே கொண்டுபோய்ப் பள்ளி பின்னால நட்டு வெச்சிடலாம்டா!"

மீசான் கல் என்றால் இறந்தவரை அடக்கிய கபர்க்குழியின் தலைமாட்டில் நடுகிற கல். உயிரோடு இருப்பவனைப் பார்த்து யாரும் சொல்லாத சொல். எதற்கும் பதில் வைத்திருக்கும் ரயீஸ் பனியனைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவை எடுத்துப் போய்விட்டான்.

அவர் வீடு வந்து சேருமுன் சொல் வந்து சேர்ந்துவிட்டது.

"உம்மா மௌத்தான அன்னிக்கி அவனுக்கு நாலு வயசு," என்றாள் பத்ருன்னிசா. கத்தவில்லை, கத்தியிருந்தால் யூசுப்புக்குச் சுலபமாக இருந்திருக்கும். "என் இடுப்புல கிடந்து வளந்த பிள்ளை. அவனுக்கா கல்லு நடுறீங்க? அஞ்சு நேரம் தொழுற வாயில வர்ற பேச்சா இது?"

"ஆட்டத்துல ஒரு வார்த்தை வரும், போகும். உனக்கு என்ன தெரியும்?"

"ஆட்டம் தெரியாது. ஆளைத் தெரியும். அவன் ஓடமாட்டான். பிறந்ததுலேருந்து ஓடுனதில்ல. ஓடுறவன் வேணும்னா வேற ஆளைப் பாத்துக்கங்க. ஆனா போய் அவன்கிட்ட மாப்பு கேளுங்க."

யூசுப் மாப்புக் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் அவர் யாரிடமும் கேட்டதாக அவளுக்கே நினைவில்லை. அன்றிலிருந்து அவர் தட்டில் காலையில் முட்டை ரோஸ்ட், மதியம் முட்டைக் குழம்பு, ராத்திரி முட்டை அவியல். நாளெல்லாம் முட்டைக்கு நடுவில் இருக்கிற மனிதருக்கு முட்டை வாசனையே ஆகாது என்பது ஊருக்கே தெரியும். பத்ருன்னிசா பரிமாறிவிட்டுப் பேசாமல் அடுக்களைக்குள் போய்விடுவாள். அவர் வெறும் சோற்றைப் பிசைந்து தின்றுவிட்டு எழுந்துவிடுவார். தட்டில் முட்டை முழுசாக அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

'ஓடுறவன் வேணும்னா வேற ஆளைப் பாத்துக்கங்க' என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் வீம்பாகப் பிடித்துக்கொண்டார். லீக்கின் கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் டிவிஷனில் நிற்கலாம். சமன் செய்தாலும் தோற்றாலும் கீழே இறங்கவேண்டியதுதான். அந்த ஆட்டத்தில், பனியனைப் போட்டுக்கொண்டு வந்து நின்ற ரயீஸை வெளியே உட்கார வைத்துவிட்டு வெங்கிடேஷை இறக்கினார்.

வெங்கிடேஷ் திருப்பூணித்துறைப் பட்டர் வீட்டுப் பையன். வைட்டிலாவில் வேலை, அங்கிருந்து பஸ் பிடித்துப் பயிற்சிக்கு வருகிறவன். ஓட்டம் என்றால் அப்படி ஓர் ஓட்டம். பந்து இருந்தாலும் ஓடுவான், இல்லாவிட்டாலும் ஓடுவான். அவன் ஓட ஓட யூசுப்பின் சிஸ்டம் அன்றைக்குத்தான் உயிரோடு எழுந்து நடந்தது. ஃபோர்ட் கொச்சி மைதானத்தில் எதிரணிக்காரர்கள் பந்தைத் தொட்டதும் இவன் அங்கே நிற்பான். பின்னாலேயே நடு ஆட்டக்காரர்கள் மூன்று பேரும் வந்து விழுவார்கள். முட்டை அட்டையில் வைத்தது வைத்தபடி புல்லில் நடந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். செல்லப்பாகூட, "இக்கா, ஜோராயிட்டுண்டு!" என்று ஒத்துக்கொண்டான்.

ஒரே ஒரு குறை. வெங்கிடேஷுக்குக் கோல் அடிக்க வரவில்லை. பறித்த பந்தையெல்லாம் கொண்டுபோய்க் கோலுக்குப் பின்னால் நின்ற மழைமரத்துக் கிளையில் சேர்த்தான். பந்தை எடுக்க மரத்தடிக்குப் போகிறவர்கள் அலுத்துப் போனார்கள்.

"இன்னும் வேகமா ஓடட்டுமா இக்கா?" இடைவேளையில் மூச்சு வாங்கக் கேட்டான்.

"ஓடுனது போதும்டா! அடிடா! வலைக்குள்ள அடி!"

"அதான் இக்கா வரமாட்டேங்கறது," என்றான் பாவம், கண் கலங்க.

யூசுப் பாட்டிலை உதைத்தார். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்களைத் திட்டினார். சூரியனைத் திட்டினார். இரண்டாம் பாதி ஓடிக்கொண்டே இருந்தது. கோல் மட்டும் இல்லை. பின்னாலிருந்து ஒருவன், "ரயீஸ்!" என்றான். இன்னொருவன் சேர்ந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் முழுக்க அதே பெயர்.

"வாய மூடுங்கடா! கோச் நானா, நீங்களாடா?" என்று திரும்பிச் சீறினார். அப்போதுதான் வேலியோரம் நிற்கும் ரயீஸின் ஆட்டோவைப் பார்த்தார். பின்சீட்டில் பத்ருன்னிசா உட்கார்ந்திருந்தாள். மைதானத்துப் பக்கமே வந்தறியாதவள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, ஆட்டத்தைப் பார்க்காமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யூசுப்பின் முகம் சிவந்து கறுத்தது. சிஸ்டம் நடக்கிறது. அவர் சொன்னது சரி என்று ஊரே பார்த்துவிட்டது. இதைக் கலைத்துவிட்டு அந்த நிற்கிற பயலை உள்ளே விடுவதா? விடாமல் டிவிஷனை விட்டு இறங்குவதா? அவர் வாய் எதையோ முணுமுணுத்தது. ஓதினாரா திட்டினாரா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளங்கவில்லை. பிறகு ரயீஸின் முன்னால் போய் நின்றார். முகத்தைப் பார்க்காமல், அவன் பனியனில் இருந்த எண்ணைப் பார்த்துப் பேசினார்.

"உள்ள போ."

ரயீஸ் எழுந்திருக்கவில்லை. "கீழ இறங்கி ஓடணுமா மச்சான்?"

கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொரு சொல்லாகக் கடித்து வெளியே விட்டார் யூசுப்.

"ஓட வேணாம். அங்கயே நில்லு. உன் இடத்துலயே நில்லு. ஆனா அவனுகளோட கடைசி ஆளுக்கு ஒரு அடி இந்தப் பக்கம் நில்லுடா. ஒரே ஒரு அடி. வெங்கிடேஷ் ஓரத்துக்குப் போய் உனக்கும் சேத்து ஓடுவான்."

ரயீஸ் எழுந்து காலை உதறிக்கொண்டான். ஓரத்தில் ஆடிய ஒருவன் வெளியே வர, இவன் உள்ளே போனான், நடந்தேதான் போனான். எதிரணியின் கடைசித் தடுப்பாளனை ஒரு தடவை திரும்பிப் பார்த்து, அவனுக்கு ஓர் அடி இந்தப் பக்கமாக இடுப்பில் கை வைத்து நின்றான்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. பந்து எதிரணிக்காரன் காலுக்குப் போயிற்று. அவன் அதை உருட்டிக்கொண்டு ரயீஸின் மூக்குக்கு நேராக வந்தான். ரயீஸ் அசையவில்லை. காதைச் சொறிந்துகொண்டான். பந்து அவனைக் கடந்து போயிற்று. மைதானத்தின் அந்தக் கோடியில் வெங்கிடேஷ் உயிரை விட்டு விரட்டிக்கொண்டிருந்தான்.

கோட்டுக்கு வெளியே யூசுப்பின் நெஞ்சு விம்மி மேலேறியது. கண் பிதுங்கியது. வாய் பிளந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லுக்காகக் காதைப் பொத்தத் தயாரானார்கள்.

தரையில் கிடந்தது யாரோ துடைத்துப் போட்ட ஈரத்துண்டு. யூசுப் குனிந்து அதை அள்ளினார். சுருட்டித் தன் வாய்க்குள் திணித்து, தாடை நடுங்கக் கடித்துக்கொண்டு நின்றார்.