குளத்தில் குதித்தவர்கள்

நெமிலிச்சேரியில் ரயில் ஏறும்போது சுரேகாவுக்கு உட்கார இடம் கிடைக்கும். ஆனாலும் உட்கார மாட்டாள். வாசலில் தொங்கும் பையன்களின் கால்களையே பார்த்துக்கொண்டு அம்பத்தூர் வரை நின்றுகொண்டு வருவாள். வீட்டிலும் இதே கதைதான். தம்பி இளங்கோ பல்பு மாற்ற ஸ்டூல் மேல் ஏறினால் போதும், ஓடிப்போய் அவன் காலைப் பிடித்துக்கொள்வாள். நீ புடிச்சினுகீறதாலதான் நான் வுழப்போறேன் என்பான் அவன்.

அவள் பார்க்கிற வேலை அப்படி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தச் சின்ன அலுவலகம். தொழிற்சாலைகளின் கேமராப் பதிவுகள் அங்கே வந்து குவியும். ஏணி சரிந்தாலோ, எண்ணெயில் ஆள் வழுக்கினாலோ அந்த இடத்தை வெட்டி எடுத்து, விபத்து என்று குறிக்க வேண்டும். அதைப் பார்த்துக் கணினி கற்றுக்கொள்ளுமாம். விழுந்த கணத்தோடு துண்டு முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த ஆள் எழுந்தானா இல்லையா என்பது இவர்கள் கணக்கில் வராது. சேர்ந்த நாளிலிருந்து சுரேகா பார்த்ததெல்லாம் எழுந்திருக்காத மனிதர்களைத்தான்.

போன மாதம் கோல்ஃப் வந்தது. பெண்கள் கோல்ஃபின் பெரிய போட்டி ஒன்றின் வரலாற்றை வருடவாரியாக வெட்டித் தரும்படி வெளிநாட்டுச் சேனல் ஒன்று கேட்டிருந்தது. யார் செய்கிறீர்கள் என்று மேற்பார்வையாளர் வரதன் கேட்டு முடிப்பதற்குள் சுரேகா கையைத் தூக்கிவிட்டாள். முதல் தொகுப்பு அவர்களுக்குப் பிடித்தால் இதிலேயே இருக்கலாம், இல்லையென்றால் பழைய வேலைக்கே திரும்ப வேண்டும் என்றார் வரதன்.

எழுபத்திரண்டில் கலிபோர்னியாவின் பாலைவனப் பக்கம் தொடங்கிய போட்டி. விளம்பரக் கம்பெனி மாற மாறப் பெயரும் மாறிக்கொண்டே வந்தது. எண்பத்து மூன்றில் பெரிய போட்டிகளின் வரிசையில் சேர்ந்தது. சுரேகாவுக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். கண்ணுக்கெட்டிய வரை புல். விழுவதற்கு உயரமே இல்லாத இடம். பந்து மட்டும் குழிக்குள் விழும். விழுந்தால் கை தட்டுவார்கள். அங்கேயே குடியேறிவிடலாம் போலிருந்தது.

எண்பத்தெட்டில் ஜெயித்த பெண், கடைசிக் குழியின் பக்கத்திலிருந்த குளத்தை நோக்கி ஓடி, உடுத்திய உடையோடு குதித்தாள். பின்னால் வந்தவர்கள் அதையே வழக்கமாக்கிக்கொண்டார்கள். சந்தோஷம் என்றுதான் சுரேகா குறித்தாள், தவறில்லை. விரல்தான் பழைய பழக்கத்தில் விழுந்த இடத்திலேயே வெட்டியது. தண்ணீர் தெறித்ததும் துண்டு முடிந்தது. ஒவ்வொரு வருடமும் அப்படியே. அவள் கவனிக்கவே இல்லை.

தொகுப்பு போன மறுநாள் வரதன் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். ஒருத்தி ஓடிவந்து குதிக்கிறாள், தண்ணீர் சிதறுகிறது, இருட்டு. அடுத்தவள் வருகிறாள், குதிக்கிறாள், இருட்டு. ஒருத்திகூட மேலே வரவில்லை.

பின்னால் வந்து நின்ற எழில், பக்கத்து இருக்கைக்காரி, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாடி, வரலாறு வெட்டச் சொன்னா அத்தினி பேரையும் முழுகடிச்சிட்டு வந்துகீற?"

வரதன் சிரிக்கவில்லை. குதித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று சேனலில் ரொம்பக் கோபமாகக் கேட்டார்களாம். திங்கட்கிழமையிலிருந்து பழைய இருக்கைக்குப் போகச் சொன்னார். பழைய இருக்கை என்றதுமே சுரேகாவின் கண்ணுக்குள் ஏணிகள் சரியத் தொடங்கின.

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார். எல்லாரையும் வெளிய கொண்டாந்துடறேன்."

சரி, போ என்று அவர் கையை அசைத்தார்.

மூலப் பதிவுகளைத் திறந்தாள். வெட்டிய இடத்துக்கு அப்பால் ஒரு தலை மேலே வந்தது. கன்னத்தில் ஒட்டிய முடி, இருமல், சிரிப்பு. கரையிலிருந்து ஒரு கை நீண்டது. யாரோ வெள்ளை அங்கி போர்த்தினார்கள். அதோடு வெட்டலாம். அவளால் முடியவில்லை. இரண்டு காலும் புல்லில் பதிந்தாக வேண்டும். டிபன் பாக்ஸ் திறக்கப்படவே இல்லை. எழுந்து தண்ணீர் பிடிக்கப் போவாள், பாதியில் திரும்பி ஓடிவருவாள், குளத்துக்குள் ஒருத்தியை விட்டுவிட்டு வந்ததுபோல.

"அதான் போத்தியாச்சே, வெட்டுடி," என்றாள் எழில்.

"தல தொவட்டட்டும்."

இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் போட்டி டெக்சாஸுக்கு இடம் மாறியது. அப்பாடா என்று நினைத்தாள். அங்கேயும் தண்ணீர் இருந்தது, ஜெயித்தவள் அங்கேயும் குதித்தாள். அவளையும் கரையேற்றினாள்.

அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்தபடி நின்றாள். கிளம்பும் நேரத்தில் வரதன் வந்தார். நீளம் ஜாஸ்தி, ஆனால் அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம்.

"நீ இதுலயே இரு. அடுத்தது ஃபிரான்ஸ்ல நடக்கிற போட்டி."

"அங்க கொளம் இருக்கா சார்?"

"குதிக்கிறதெல்லாம் கெடயாது. ஜெயிச்சவங்க நாட்டுக் கொடியை எடுத்துகினு பாராசூட்ல ஆளு எறங்குவாங்களாம்."

சுரேகா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தரைக்கு வர்ற வரைக்கும் ரெக்கார்டிங் இருக்குல்ல சார்?"